கோடி என்பது வெறும் அலுமாரி

முதல்ல ஒரு பகிடி. "அம்மா, கோடி போட்டாச்சு" என்று நான் சொன்ன அண்டைக்கு அம்மா குசினி யன்னலால பின்பக்கம் எட்டிப் பார்த்தா. எங்கட ஊரில கோடி எண்டால் வீட்டின் பின்பக்கம். விறகு அடுக்குறதும் உடைஞ்ச கதிரையைக் கொண்டுபோய் வைக்கிறதும் அங்கதான். நான் சொன்னது ரீவியில ஓடுற ஒரு மென்பொருளை. ஆனால் யோசிச்சுப் பார்த்தால் அம்மா விளங்கிக்கொண்டதும் பெரிய பிழை இல்லை. எங்கட வீட்டுக் கோடிக்குள்ள கிடந்த ஒரு பழைய மட்டைப்பெட்டியில இருந்துதான் இந்தக் கதையின் பாதி வருகிறது. மற்றப் பாதி சித்தி வீட்டில தொடங்குது.

போன வருசம் சித்தி ஒரு ரீவி பெட்டி வாங்கினா. உள்ளங்கையளவு, கறுப்பு நிறம், ஒன்பதாயிரம் ரூபா. கடைக்காரர் சொன்னது இதுதான்: "அக்கா, எல்லாச் சனலும் வரும், எல்லாப் படமும் வரும், மாசக் காசெண்டு ஒரு சதம் இல்லை." மட்டையில 4 ஜிபி ரெம், 64 ஜிபி, 8கே என்று கொட்டை எழுத்தில போட்டிருந்தது. சித்தப்பாவுக்குக் கிரிக்கெட், சித்திக்குச் சீரியல், தம்பிக்கு வந்து ஒரு கிழமையான படம். பெட்டியைத் திறந்தால் கோடி. அதுக்குள்ள ஆரோ முன்பின் தெரியாத ஆள் அடுக்கிவைத்த இருபது முப்பது அட்-ஒன்கள். மூன்று மாசம் வீட்டில திருவிழா.

பிறகு சனல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைக்குக் கொண்டுபோனால் "அப்டேற் பண்ணித் தாறன்" என்று ஆயிரம் ரூபா. ஒரு மாசத்தில திரும்பவும் அதே கதை. மாசக் காசு இல்லை என்று சொன்னது இதைத்தான் போல. அதுக்குப் பிறகு மாசம் பாதி போக முதலே டேற்றா முடியத் தொடங்கியது. பழி தம்பியின் கேம் மேல விழுந்தது. பெடியன் அழாக்குறையாக என்னைக் கூப்பிட்டான்.

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து இரண்டு இரவு பார்த்தேன். ரீவி ஓஃப். வீட்டில எல்லாரும் நித்திரை. விடிய இரண்டு மணிக்கு அந்தப் பெட்டி அப்லோட் செய்துகொண்டிருந்தது. டவுன்லோட் இல்லை, அப்லோட். ரிமோட்டில சிவப்புப் பொத்தானை அமத்தினால் இந்தப் பெட்டிகள் உண்மையில நிற்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு முழித்திருக்கும். உள்ளுக்குள்ள இருப்பதைச் சோதிக்கிற ஒரு அப்பைப் போட்டுப் பார்த்தால் 4 ஜிபி இல்லை, 2. 64 இல்லை, 16. அன்ட்ரொயிட் பதிப்பு எண்ணும் பொய்.

இது எங்கட வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2023 ஜனவரியில கனடாவில ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ரி95 என்ற மலிவுப் பெட்டியை வாங்கி, அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீநிரலோட வருது என்று காட்டினார். அதே வருசம் ஒக்டோபரில ஹியூமன் செக்கியூரிற்றி என்ற நிறுவனம் இப்படியான பெட்டிகளின் வலையமைப்பை வெளியில கொண்டுவந்து அதுக்கு பாட்பொக்ஸ் என்று பேர் வைத்தது. 2025 ஜூனில அமெரிக்காவின் எஃப்பிஐயே அதன் இரண்டாவது வடிவத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. இந்தப் பெட்டிகள் செய்கிற முக்கியமான தொழில் ஒன்று இருக்கு: உங்கட வீட்டு இணைய இணைப்பை வேறொருவருக்கு வாடகைக்கு விடுவது. உலகத்தின் ஏதோ மூலையில ஒருவர் போலிக் கணக்குத் திறக்கிறார், மோசடி செய்கிறார், அவருடைய முகவரியாகத் தெரிவது சித்தி வீட்டு முகவரி. வாடகைக் காசு சித்திக்கு வராது. டேற்றா மட்டும் சித்தியுடையது.

சித்தி வீட்டுப் பெட்டியைப் பிரித்து ஆராய என்னிட்ட ஆய்வுகூடம் இல்லை. ஆனால் விடிய இரண்டு மணிக்கு ஆரோடயோ கதைக்கிற பெட்டியை வீட்டுக்குள்ள வைத்திருக்க ஏலாது. பிளக்கைக் கழட்டினேன்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். பெட்டியைக் கழட்டின அண்டைக்குச் சித்தப்பா சொன்னார்: "உந்தக் கோடி எண்டதே களவுச் சாமான் தம்பி." இதைச் சித்தப்பா மட்டும் சொல்லேல்ல. என்னோட படிச்ச, கணினித் துறையில வேலை செய்யிற பெடியளும் இதைத்தான் சொல்லுகினம். இது அநியாயம்.

கோடியின் கதையைக் கொஞ்சம் பாருங்கோ. 2002இல எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, அதில படம் பார்க்க ஏலுமா என்று சில பேர் சேர்ந்து எழுதத் தொடங்கிய நிரல் இது. எக்ஸ்பொக்ஸ் மீடியா பிளேயர் பிறகு எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்ரர் ஆகி, எக்ஸ்பிஎம்சி என்று சுருங்கி, எக்ஸ்பொக்ஸை விட்டு வெளியேறிக் கணினி, போன், ரீவி எல்லாத்திலயும் ஓடத் தொடங்கி, 2014இல கோடி என்று பேர் மாறியது. நிரல் முழுக்கத் திறந்த மூலம். ஜிபிஎல் உரிமம். நடத்துவது இலாப நோக்கற்ற ஒரு அறக்கட்டளை. இண்டைக்குப் பலர் காசு கட்டிப் பாவிக்கிற பிளெக்ஸ் கூட 2008 அளவில இதிலயிருந்து பிரிந்து போன கிளைதான்.

இந்தக் கோடியை அதன் சொந்த இணையத்தளத்திலயிருந்து இறக்கித் திறந்து பாருங்கோ. படம் இல்லை, சனல் இல்லை, ஒன்றும் இல்லை. "உங்கட நூலகம் வெறுமையாக இருக்கு" என்றுதான் முகப்பில வரும். அது ஒரு அலுமாரி. தச்சன் செய்து, கண்ணாடி போட்டு, பொலிஷ் பண்ணி, ஒரு சதமும் வாங்காமல் தந்திட்டுப் போன அலுமாரி. அதுக்குள்ள ஆரோ களவுச் சாமான் அடுக்கி, கடையில வைத்து, "அலுமாரி வித்தனான்" என்று சொன்னால் பேர் கெடுவது தச்சனுக்கு. நடந்தது அதுதான். 2015இல அமேசன் தன்னுடைய அப் கடையிலயிருந்து கோடியைத் தூக்கியது. காரணமாகச் சொன்னது களவுப் படம். 2017 ஏப்ரலில ஐரோப்பிய நீதிமன்றம், களவுத் தளங்களுக்கான இணைப்புகளை முன்கூட்டியே போட்டு இப்படிப் பெட்டி விற்பது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு விற்கிறவருக்கு எதிரானது, மென்பொருளுக்கு இல்லை. ஆனால் ஊரில ஆருக்கு அந்த வித்தியாசம்?

இதில நான் புனிதர் வேஷம் போடேல்ல. களவாப் படம் பார்த்ததே இல்லை என்று சொன்னால் என்ர பழைய ஹாட் டிஸ்க்கே சிரிக்கும். பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துக் கடையில ஒரு சிடியில மூன்று படம் வாங்கிப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2016இலயே இலங்கைக்கு வந்தாலும் அதுக்குக் காசு கட்ட வீட்டில ஒரு கார்ட் வேண்டும், ரூபா விழ விழ டொலர்க் கணக்கைத் தாங்கிற சம்பளம் வேண்டும். சித்தியிட்டப் போய் "பதிப்புரிமை" என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. ஆனாலும் எங்கட பெடியள் காசு சேர்த்து, கமரா இரவல் வாங்கி எடுக்கிற படமும் அதே பெட்டிக்குள்ளதான் போய் விழுது என்பதை மறக்கேலாது. அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில என்ன இருக்கு, எப்ப நிற்கும், இரவில ஆரோட கதைக்கும் என்று ஒன்றும் சித்தியின் கையில இல்லை. ரிமோட் மட்டும் சித்தியின் கையில.

சரி, நல்ல கோடிக்கு என்ன வேண்டும்? நினைக்கிறதை விடக் குறைவு.

நான் பாவிப்பது கைமாறி வந்த ஒரு ராஸ்பெரி பை 4. கம்பஸ் புரொஜெக்ட் முடிஞ்சு லாச்சிக்குள்ள கிடந்ததை ஒரு மச்சானிட்ட வாங்கினேன். உங்கட பழக்கத்தில உள்ள கணினி மாணவர்கள் எத்தினை பேரின் லாச்சியில இப்படி ஒன்று தூங்குது என்று கேட்டுப் பாருங்கோ. 2012இல முதல் பை வந்தபோது 35 டொலர். இங்க புதுசா வாங்கப் போனால் விலை வேற, அதனால பழசுதான் வழி. பை 3 கூடக் காணும், ஆனால் இப்ப வருகிற எச்இவிசி கோப்புகளை விரிக்கிற வன்பொருள் அதில இல்லை, படம் விக்கி விக்கி ஓடும். பை 4இல அது இருக்கு. அதுக்கு மேல லிப்ரெலெக். இது கோடியை மட்டும் ஓட்டுவதற்காகவே கட்டின சின்ன லினக்ஸ். ஒரு எஸ்டி கார்டில எழுதிச் செருகினால் நேரே கோடியில போய் நிற்கும். அன்ட்ரொயிட் இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் திற என்று ஆரும் கேட்பதும் இல்லை. எச்டிஎம்ஐ வயரால ரீவியின் சொந்த ரிமோட்டே அதை ஆட்டும். அம்மாவுக்குப் புது ரிமோட் பழக்கத் தேவையில்லாமல் போனதுதான் எங்கட வீட்டில இது நிலைத்ததுக்குக் காரணம் என்று நான் நினைக்கிறன்.

சித்தியின் பெட்டியும் குப்பைக்குப் போகேல்ல. உள்ளுக்குள்ள அம்லொஜிக் சிப் இருந்தது. அந்த வகைச் சிப்புகளுக்கு என்றே கோர்எலெக் என்று ஒன்று இருக்கு, லிப்ரெலெக்கிலயிருந்து 2018இல பிரிந்தது. அதை எஸ்டி கார்டில எழுதி, சிப்புக்கு ஏற்ற டிவைஸ் ட்ரீ கோப்பை அதன் இடத்தில வைத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கம் ஏவி ஓட்டைக்குள்ள பல்லுக்குத்துற குச்சியை விட்டு, உள்ளே இருக்கிற பொத்தானை அமத்திக்கொண்டு கரண்டைப் போடவேண்டும். பகிடி இல்லை, அந்த முறைக்கே ஆங்கிலத்தில பல்குச்சி முறை என்றுதான் பேர். நான் மூன்று குச்சி முறித்தேன். நாலாவதில கார்டில இருந்த கோர்எலெக் எழும்பியது. இனி அன்ட்ரொயிட் எழும்புவதே இல்லை, ஆகவே அதுக்குள்ள குந்தியிருந்ததும் எழும்பாது. ஒரு கிழமை ரவுட்டரைப் பார்த்தேன். விடிய இரண்டு மணிக்கு அமைதி. எல்லாப் பெட்டிக்கும் இது சரிவராது. ஓல்வின்னர் சிப் என்றால் கோர்எலெக் ஏறாது. அம்லொஜிக்கிலயும் பழைய சிப்புகளுக்குப் புதுப் பதிப்பு இல்லை, பழைய பதிப்போட நிற்கவேண்டியதுதான். வாங்க முதல் சிப்பின் பேரைக் கேளுங்கோ. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அதுவே ஒரு பதில்.

குறைகளையும் சொல்லவேண்டும். கரண்ட் திடீரென்று போனால் எஸ்டி கார்டுக்குக் கேடு. 2022இல ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன காலத்தைக் கண்ட எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. லிப்ரெலெக்கின் அடிப்பகுதி எழுத முடியாதபடி பூட்டித்தான் இருக்கும், ஆனால் உங்கட பட்டியலும் அமைப்புகளும் இருக்கிற பகுதி பழுதாகலாம். அமைப்புகளுக்குள்ள பக்அப் என்று ஒன்று இருக்கு, மாசம் ஒருக்கா அமத்துங்கோ. பெரிய ஹாட் டிஸ்க்கைப் பையில நேரே குத்தினால் கரண்ட் காணாமல் டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கும். தனிக் கரண்டோட ஒரு யுஎஸ்பி ஹப் வேண்டும். அதிகாரபூர்வமான ஸ்ட்ரீமிங் சேவைகளை உயர்ந்த தரத்தில பார்க்கிறதுதான் ஒரே நோக்கம் என்றால் இதெல்லாம் வேண்டாம், சான்றிதழ் உள்ள பெட்டி ஒன்றை வாங்குங்கோ. கோடிக்கு அந்தச் சேவைகளுக்கான அட்-ஒன்கள் இருக்கு, ஆனால் வெளியார் எழுதினவை. இண்டைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. யூரியூப் அட்-ஒனுக்குக் கூட நீங்களே ஒரு ஏபிஐ சாவி எடுத்துப் போடவேண்டும். முதல் தடவை எனக்கு ஒரு பின்னேரம் போனது.

அப்ப இதெல்லாம் எதுக்கு என்று கேட்பீங்கள். கோடிக்குள்ள கிடந்த மட்டைப்பெட்டிக்கு வருவம்.

அதுக்குள்ள சித்தியின் கலியாண வீடியோ இருந்தது. 2003. ஏ9 திறந்து அடுத்த வருசம். மூன்று விசிடி. மேலே ஒட்டின வட்டப் படத்தில சித்தியும் சித்தப்பாவும் இதயத்துக்குள்ள சிரிக்கினம், ஓரம் உரிஞ்சு பூஞ்சணம் பிடிச்சிருந்தது. வீட்டு டிவிடி பிளேயர் செத்து எத்தினையோ வருசம். இப்பத்தைய லப்டொப்பில சிடி போட வாயே இல்லை. ஒரு பழைய டிரைவை இரவல் வாங்கிப் போட்டால் டாட் என்று முடியிற கோப்புகள். முதலாவதும் மூன்றாவதும் கொப்பியாகின. இரண்டாவது நடுவில நின்றது. மூன்று டிரைவில மாறி மாறிப் போட்டுத்தான் முழுசா எடுத்தேன்.

இதை முதலில ஒரு வீடியோ தளத்தில தனிப்பட்டதாக ஏற்றிக் கனடாவில இருக்கிற பெரியம்மாவுக்கு இணைப்பு அனுப்பலாம் என்றுதான் நினைச்சேன். ஏற்றி ஒரு மணித்தியாலத்தில பாதிக்குச் சத்தம் இல்லை. அந்தக் காலத்துக் கலியாண வீடியோக்களைத் தெரியும்தானே. தாலி கட்டுறதிலயிருந்து பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டு. பதிப்புரிமை இயந்திரம் சித்தியின் கலியாணத்தைக் களவு என்று பிடிச்சிட்டுது.

பிறகு அதைக் கோடிக்குள்ள போட்டேன். கோடி சாதாரணமாக ஒரு படத்தின் பேரையும் வருசத்தையும் பார்த்து இணையத்திலயிருந்து போஸ்டரையும் கதைச்சுருக்கத்தையும் தானே இறக்கும். சித்தியின் கலியாணம் எந்தத் தரவுத்தளத்திலயும் இல்லை. அதுக்கு வழி இருக்கு: என்எஃப்ஓ என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பை நீங்களே எழுதி வீடியோவுக்குப் பக்கத்தில வைத்தால் கோடி அதை நம்பும். தலைப்பு, வருசம், நடிகர்கள் என்ற இடத்தில எங்கட ஆக்கள். ஒரு நாள் இரவு அம்மாவும் நானும் இருந்து எழுதினம். அம்மா பேர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். போஸ்டருக்கு அந்த இதயப் படத்தையே ஸ்கான் பண்ணிப் போட்டேன். பெரிய ஹொலிவூட் படங்களுக்கு நடுவில, அதே அளவில, அதே வரிசையில இப்ப அது நிற்குது. குத்துவிளக்கு, வாடைக்காற்று என்று எழுபதுகளில எங்கட மண்ணில எடுத்த படங்களுக்கும் நீங்கள் இப்படித்தான் செய்யலாம், கொப்பி கையில இருந்தால். நூலகம் 2005இலயிருந்து எங்கட புத்தகங்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி வருகுது. ஆனால் ஒரு சிற்றூர்க் கலியாணத்தின் இரண்டாவது விசிடியை ஆரும் தேடி வரப்போவதில்லை. அதை வீட்டில இருக்கிற பிள்ளைதான் செய்யவேண்டும்.

இரண்டாவது விசிடியில 41 செக்கன் மாமா வாறார். அம்மாவின் கடைசித் தம்பி. பாதை திறந்ததால வன்னியிலயிருந்து கலியாணத்துக்கு வந்தவர். பந்தியில சோறு போடுகிறார், கமராவைக் கண்டு கையால மறைக்கிறார், பிறகு சிரிக்கிறார். 2009க்குப் பிறகு மாமாவைப் பற்றித் தகவல் இல்லை. வீட்டில இருக்கிறது இரண்டு போட்டோ, இரண்டிலயும் பாஸ்போர்ட் முகம். அசையிற மாமா இந்த 41 செக்கனில மட்டும்தான். விசிடியின் படம் 352க்கு 288. பெரிய ரீவியில விரிச்சால் முகம் கட்டம் கட்டமாத்தான் தெரியும். அம்மா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டா. "தள்ளி இருந்தால்தான் வடிவாத் தெரியும் அம்மா" என்றேன். அவ கேட்கேல்ல.

அந்த இடத்துக்கு நான் ஒரு புக்மார்க் போட்டுக் குடுத்திருக்கிறன். கோடியில அது இரண்டு அமத்தல். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், ஆரும் சத்தத்தை வெட்ட ஏலாது. பாட்டோட ஓடும்.

தமிழ் முகப்பும் இருக்கு. ஆனால் அந்த மொழிபெயர்ப்பை வாசித்தால் எங்கட வீட்டில ஆரும் இப்படிக் கதைக்கிறதில்லையே என்று இருக்கும். அதுவும் தன்னார்வலர்கள் செய்தது, வெப்லேற் என்ற தளத்தில ஆரும் போய்த் திருத்தலாம். இதை வாசிக்கிற நாலு பேர் ஒரு போயா லீவுக்குக் குந்தி இருந்தால் கனக்கத் திருத்தலாம். நான் தொடங்கியிருக்கிறன்.

போன கிழமை பக்கத்து வீட்டு அண்ணா வந்தார். சித்தி சொல்லிக் கேள்விப்பட்டவர்.

"தம்பி, உன்ர பெட்டியில கிரிக்கெட் வருமோ?"

"வராதண்ணா."

"சன் ரீவி?"

"அதுவும் வராது."

"அப்ப என்னடாப்பா அதில இருக்கு?"

சித்தியின் கலியாணத்தைப் போட்டுக் காட்டினேன். பந்தியில அண்ணாவும் இருந்தார், தலை நிறைய மயிரோட. ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போயிட்டார். அடுத்த நாள் பின்னேரம் ஒரு சொப்பிங் பையோட வந்து வாசலில நின்றார். உள்ள பதினொரு விசிடி, இரண்டு விஎச்எஸ் கசெற். ஒரு கசெற்றின் நாடா வெளியில வந்து கிடந்தது.